மெண்ட்டக்காவின் நீள நோட்டு

மெண்ட்டக்கா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சண்டையில். என் பெரியம்மா மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போயிருந்தேன். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஏய் மெண்ட்டு! வெளிய வாடி! என் புருஷன் பேரை எழுத உனக்கு எவ அதிகாரம் கொடுத்தா?”

யாரையோ பைத்தியம் என்று திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். பெரியம்மா மகளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை வீட்டில் பெரியவள் என்போம், இளையவளைச் சின்னவள் என்போம். எனக்கு இரண்டு பேரும் மகள் முறை. பெரியவள் எழுந்து வாசலுக்குப் போன வேகத்தைப் பார்த்துத்தான், அந்தப் பெயர் இவளுடையது என்று எனக்குப் புரிந்தது.

“கழட்டினது உன் புருஷன்தானே?” என்றாள் பெரியவள்.

“கழட்டச் சொன்னது யாருடி?”

“அவன் பேரையும்தான் எழுதியிருக்கு. மேல அவன், கீழ உன் புருஷன்.”

“மேல இருக்கிறவன் இன்னும் ஃபேன் காத்துல உட்கார்ந்திருக்கான். கீழ இருக்கிறவரு வீட்டுல சுவரைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நீ எழுதினதுல எவன் தலைல இடி விழுந்துச்சுன்னு நல்லாப் பாரு!”

பெரியவள் கதவைப் பட்டென்று சாத்தினாள். சாத்திய கோபத்தில் தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் சொன்னதையும், பிறகு சின்னவள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வார்த்தைகள் எல்லாம் அவள் வாயில் வந்தபடி.

பெரியவளுக்கு அப்பா இல்லை. அதாவது இருக்கிறார், லாரி ஓட்டப் போனவர் வேறு ஊரில் வேறு குடும்பத்துக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் இங்கிலீஷில் இரண்டு தடவை தவறியவள், வீறாப்பாக டைப்பிங் கற்றுக்கொண்டு அட்டைப்பெட்டி கம்பெனியின் ஆபீசில் சேர்ந்தாள். கம்பெனி என்றால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே பசை வாசனை, அட்டைத் தூசி, நான்கு மெஷின். ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. அதுதான் ஆபீஸ். அதில் மேனேஜருக்கு ஒரு மேஜை, ஃபேனுக்கு நேர் கீழே. இவளுக்கு ஒரு மேஜை, ஃபேன் காற்று எட்டாத இடத்தில்.

மேனேஜருக்குக் கொட்டகையில் பெயர் பென்சில். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும், பேனாவைத் தொடவே மாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் ஒரு கடிதம் எழுதினாள். ‘நாங்கள் உங்கள் பெட்டிகளை லேட்டாக அனுப்பினோம், மன்னிக்கவும்’ என்பதை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி எழுதியிருந்தாள். பென்சில் அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“யாரும்மா லேட்டா அனுப்பினது?”

“நாமதான் சார்.”

“நாமன்னு நாமளே எழுதிக் கொடுப்போமா? டிலே இன் டெஸ்பாட்ச். அவ்வளவுதான். ஆபீஸ் இங்கிலீஷ்ல ஆள் இருக்கக் கூடாதும்மா. காரியம் மட்டும் இருக்கணும்.”

அன்றைக்கு அவளுக்கு அது பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் அவளை உதைத்துத் தள்ளிய இங்கிலீஷில் ஒரு சூட்சுமம் இருக்கிறது! செய்கிற வார்த்தையை எடு, ஒரு வாலை ஒட்டு, அது பெயராகிவிடும். பிறகு அது சும்மா நாற்காலி மாதிரி கடிதத்தில் உட்கார்ந்துகொள்ளும், யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரேஞ்ச் என்றால் ஒருவர் ஏற்பாடு செய்ய வேண்டும். அரேஞ்ச்மெண்ட் என்றால் அது தானாக நடந்துவிட்ட மாதிரி. குணத்தைச் சொல்கிற வார்த்தைக்கும் வால் உண்டு. டார்க் என்றால் இருட்டான, நெஸ் ஒட்டினால் இருட்டு.

கம்பெனியில் கண்ணாடி பாட்டில் வைக்கிற பெட்டி ஒன்று செய்வார்கள், உள்ளே தடுப்பு போட்டு எட்டு அறை இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெட்டி விழுந்த துண்டு அட்டைகளில் வார்த்தைகளை எழுதினாள், ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழில் பொருள். மெண்ட் ஒட்டுகிறதெல்லாம் ஒரு அறை. ஷன் ஒரு அறை. நெஸ் ஒரு அறை. அல் ஒரு அறை, டி ஒரு அறை. எந்த வாலும் ஒட்டாமல் முரண்டு பிடிக்கிற வார்த்தைகளுக்கு ஓரத்து அறை. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மடியில் பெட்டி.

வீட்டில் சின்னவள் கிண்டல் செய்வாள்.

“அக்கா, எனக்குப் பசிக்குது. ஹங்க்ரி. அதுக்கு என்ன வால்?”

“அதுக்கு இருக்கிற வாலை வெட்டிட்டு வேற ஒட்டணும். ஹங்கர்.”

“அப்ப சீக்கிரம் வெட்டி ஒட்டிட்டு வந்து சாப்பாட்டைப் போடு.”

கொட்டகையில் யாருக்காவது லீவு லெட்டர், வீட்டுக்காரருக்கு லெட்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் என்றால் அவளிடம்தான் வருவார்கள். “மெண்ட்டக்கா, எனக்கு ரெண்டு மெண்ட் போட்டு ஒரு லெட்டர்” என்பார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. நேராக இங்கிலீஷில் எழுத அவளுக்கு வராது. அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருந்தாள். யார் எந்தக் காகிதம் அடிக்கச் சொன்னாலும், அவர்கள் வாயால் சொன்னதை முதலில் தமிழில் அப்படியே அதில் எழுதுவாள், தேதி போட்டு. எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். சரி என்றால் பக்கத்தில் ஒரு கையெழுத்தோ டிக்கோ வாங்குவாள். பிறகுதான் அதை இங்கிலீஷாக்குவாள். ஒரு வரிக்கு இவ்வளவு பாடா என்று பென்சிலுக்குச் சிரிப்பு. “என்னம்மா, சமையல் நோட்டை எடுத்துட்டியா?” என்பார். படித்துக் காட்ட ஆரம்பித்தால் கையை ஆட்டிவிட்டு, காதிலிருந்து பென்சிலை உருவி ஒரு டிக் போடுவார். படிப்பதைக் கேட்டதே இல்லை.

இப்படி ஒன்பது வருஷம். சின்னவளும் அதே கம்பெனியில் சேர்ந்தாள், வெட்டு மெஷினில். அட்டையை உள்ளே தள்ள வேண்டும், கத்தி இறங்கும், எடுக்க வேண்டும். கத்திக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு. கதவைச் சாத்தினால்தான் கத்தி இறங்கும், திறந்தால் மெஷின் நின்றுவிடும். அட்டைக்கு அட்டை திறக்க வேண்டும், சாத்த வேண்டும்.

ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு நாள் காலையில் பென்சில் ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார். ஃபிட்டர் தலையைச் சொறிந்தார், பிறகு கழற்றினார், கதவில்லாமலே மெஷின் ஓடுகிற மாதிரி ஒயரை மாற்றிக் கட்டினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் சொன்னாள்.

“அக்கா, ஃபிட்டர் மாமா கதவைக் கழட்டிட்டாரு. கத்தி காத்து முகத்துல அடிக்குது.”

“தெரியும். நான்தான் பேப்பர் அடிச்சேன். சர்வீஸ் முடிஞ்சதும் மாட்டிடுவாங்க.”

ஆமாம், பேப்பர் அடித்தது அவள்தான். ‘ரிமூவல் ஆஃப் டோர் ஃபார் சர்வீஸ்.’ அல் அறையில் நல்ல வார்த்தை ஒன்று சேர்ந்தது என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்கூட. நோட்டில் எழுதியதை மறந்து, பேப்பரில் அடித்ததைத் தானே நம்பிவிட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அந்தத் தாழ்ப்பாளால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால். கத்தி இறங்கியபோது சின்னவளின் வலது கை உள்ளே இருந்தது. மூன்று விரல் போய்விட்டது. அதற்கு மேல் அதைச் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் ரத்தக் கறை படிந்த அதே சேலையோடு ஆபீசுக்கு வந்தவளைப் பென்சில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். “ரிப்போர்ட் இன்னைக்கே போகணும்மா. போனாத்தான் உன் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். நான் சொல்லச் சொல்ல அடி. அந்த நோட்டெல்லாம் இப்ப வேணாம், நேரமில்லை.”

நோட்டு இல்லாமல் அவள் அடித்த முதல் காகிதம் அது. வார்த்தைகள் வந்தன. ஆக்சிடெண்ட். இன்ஜுரி. ஆப்சன்ஸ் ஆஃப் டோர். எல்லாம் பெயர், எல்லாம் தானாக நடந்தது. கடைசியில் கேர்லெஸ்னெஸ் என்று ஒரு வார்த்தை வந்தது. அங்கே மட்டும் விரல் நின்றது.

“யாரோட கேர்லெஸ்னெஸ் சார்?”

“மெஷின் முன்னாடி நின்னது யாரு?” என்றார் பென்சில். “எல்லா ரிப்போர்ட்லயும் போடுற வார்த்தைதாம்மா. ஒரு வழக்கம். அடி.”

அடித்தாள். ஆபரேட்டரின் கேர்லெஸ்னெஸ். ஒன்பது வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கையிடம் நீட்டினாள்.

“என்னக்கா எழுதியிருக்கு?”

“விபத்து நடந்துச்சுன்னு. போடு.”

சின்னவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பெரியவள் ஆபீசில் இருந்தாள். அந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் வெளியே கொடுத்து அடித்திருந்தார்கள். சின்னவள் ஆறாவதோடு நின்றவள். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியும். அட்டை அறைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, கடிதத்தோடு வைத்து வைத்துப் பார்த்தாள். பகல் முழுக்கப் பார்த்தாள். அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது தரையில் இரண்டு அட்டைகள் இருந்தன.

“இது டெர்மினேஷன். ஷன் அறையில இருந்துச்சு. வேலையை விட்டுத் தூக்குறது. எனக்குத்தான். வேற எந்த மெஷின் கம்பெனியும் இனிமே என்னைச் சேர்க்காது.” அடுத்த அட்டையைக் காலால் தள்ளினாள். “இது கேர்லெஸ். பின்னாடி தமிழ்ல நீயே எழுதியிருக்க, கவனம் இல்லாத. நெஸ் அறையில இருந்துச்சு. இதைத்தான் நான் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேனாம். இதை ஒட்டினது யாருக்கா?”

பெரியவள் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

“கண்டவனுக்கெல்லாம் லீவு லெட்டரைப் படிச்சுக் காட்டுவ. ‘சரியா, சரியா’ன்னு ரெண்டு தடவை கேப்ப. எனக்கு ஏன்க்கா படிச்சுக் காட்டல?”

“நான் வேணும்னு செய்யலடி.”

“நீ எதையும் செய்யல. கதவை யாரும் கழட்டல. கத்தி யாரும் போடல. நான் மட்டும்தான் ஏதோ செஞ்சிருக்கேன் போல!”

படுத்திருந்த அம்மா, “ரெண்டு பேரும் வாயை மூடுங்கடி” என்றாள். யாரும் மூடவில்லை. பெரியவள் கேர்லெஸ் அட்டையை எடுத்துக் கிழிக்கப் பார்த்தாள். அது கிழியவில்லை. கம்பெனி அட்டை கெட்டி. பல்லால் கடித்து இழுத்தாள், அப்போதும் ஓரம்தான் பிய்ந்தது. அதைத் துப்பிவிட்டு, அலமாரியிலிருந்து ஒன்பது வருஷத்து நீள நோட்டுகளைக் கீழே இழுத்துப் போட்டாள். முடிந்த நோட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைப்பது அவள் வழக்கம். அவள் தேடிய பக்கம் கடைசிக்கு முந்தின நோட்டில் இருந்தது. படித்தாள். ஒரு முறை படித்துவிட்டுத் தங்கைக்குப் படித்துக் காட்டினாள், சத்தமாக.

மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் நேராக லேபர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். தமிழில்.

விசாரணை கம்பெனியிலேயே நடந்தது, அதே கண்ணாடி அறையில். லேபர் ஆபீசரம்மா பென்சிலின் நாற்காலியில் உட்கார்ந்தார். பென்சில் ஓரத்தில் நின்றார், முதல் தடவையாக ஃபேன் காற்று அவருக்கு எட்டவில்லை. ஃபிட்டர் கதவருகில் எண்ணெய்த் துணியைத் திருகிக்கொண்டு நின்றார். சின்னவள் ஸ்டூலில்.

“சர்வீஸுக்காகக் கழட்டின கதவு மேடம்” என்றார் பென்சில். “ரெக்கார்ட் இருக்கு, பாருங்க. ரிமூவல் ஃபார் சர்வீஸ். இந்தம்மாவே அடிச்சது.”

“ஆமா, நான்தான் அடிச்சேன்” என்றாள் பெரியவள். “அடிக்கிறதுக்கு முன்னாடி இவர் சொன்னது இதுல இருக்கு.”

“அது அவ சமையல் நோட்டு மேடம். அதைப் போய்...”

“படிங்கம்மா” என்றார் ஆபீசரம்மா.

பெரியவள் நின்றுகொண்டு படித்தாள். “மேனேஜர் சொன்னது. ‘ஃபிட்டரைக் கூப்பிட்டு அந்தக் கம்பிக் கதவைக் கழட்டச் சொல்லிட்டேன். கதவு இருந்தா ஒரு நாளைக்கு ஐந்நூறு பெட்டி குறையுது. ஆர்டர் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். யாராவது வந்து கேட்டா காட்டுறதுக்கு, சர்வீஸுக்குக் கழட்டினதா ஒரு பேப்பர் அடிச்சு வை.’”

ஆபீசரம்மா நோட்டை வாங்கி ஓரத்தைப் பார்த்தார்.

“இந்த டிக் யாரோடது?”

“யார் வேணா போட்டிருக்கலாம்” என்றார் பென்சில். சொல்லும்போதே கை காதுக்குப் போய்விட்டது. ஆபீசரம்மா அந்த நோட்டையும், பெரியவள் கொண்டுவந்திருந்த மற்ற நோட்டுகளையும் புரட்டினார். ஒன்பது வருஷத்து டிக், எல்லாம் ஒரே சாய்வு, எல்லாம் பென்சில். இந்தக் கம்பெனியில் வேறு யாரும் பென்சிலால் எழுதுவதில்லை.

“உங்களுக்குச் சொன்னது யாருங்க?” என்று ஃபிட்டரைக் கேட்டார்.

ஃபிட்டர் எண்ணெய்த் துணியை ஒரு சுற்று திருகினார். “அவர்தாங்க. நான்தான் கழட்டினேன். வேணாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல.” சின்னவளின் கையை மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஆபீசரம்மா தன் அறிக்கையை எழுதி சின்னவளிடம் கையெழுத்துக்கு நீட்டினார். நடுவில் பெரியவள் அதை வாங்கிப் பார்த்தாள். இன்ஸ்ட்ரக்ஷன், ரிமூவல், நெக்லிஜென்ஸ், வயலேஷன்.

“யாருங்க இதெல்லாம் பண்ணினது?”

“அறிக்கை அப்படித்தாம்மா எழுதுறது.”

“தெரியும். ஒன்பது வருஷமா நான் எழுதினேன். அப்படி எழுதித்தான் இவ கையெழுத்துப் போட்டா.” பேனாவைத் தங்கையின் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். “ஆளை எழுதுங்க. அப்புறம் போடுவா.”

“நீங்க என்னை மிரட்டுறீங்களா?”

“இல்லைங்க. படிச்சுக் காட்டச் சொல்றேன்.”

வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. ஆபீசரம்மாவுக்குக் கோபம் வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். கடைசியில் அடியில் மூன்று வரி சேர்த்தார். மேனேஜர் கழற்றச் சொன்னார். ஃபிட்டர் கழற்றினார். இந்தப் பெண் கவனக்குறைவாக நடந்ததற்குச் சாட்சி எதுவும் இல்லை. அதை அவரே வாய்விட்டுப் படித்தார். சின்னவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு தடவை படிங்க” என்றாள். இரண்டாம் தடவை படித்த பிறகு இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

வேலையை விட்டுத் தூக்கிய கடிதத்தைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. கம்பிக் கதவு திரும்ப வந்தது. பென்சிலைக் கிடங்கு ஆபீசுக்கு மாற்றினார்கள், அங்கேயும் ஃபேனுக்குக் கீழேதான் மேஜை. ஃபிட்டரை மட்டும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் அவர் பெண்டாட்டி வாசலில் வந்து கத்தியது. சொன்னவனுக்கு இடமாற்றம், செய்தவனுக்கு வேலை நீக்கம். இப்படி ஆகும் என்று பெரியவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றாள், ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கும் ஒரு காகிதம் வந்தது. இனி அந்த வேலையே கம்பெனியில் இல்லையாம். எலிமினேஷன் என்று போட்டிருந்தது. “பார்த்தியா, என்னை நீக்கினது யாருன்னு இதுலயும் இல்லை” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதை அப்படியே அடுப்பில் போட்டாள்.

ஃபிட்டரின் பெண்டாட்டி மறுபடி வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

“உன்னால போன வேலை. நீயே எழுதிக் கொடு, திரும்பச் சேர்க்கச் சொல்லி.”

“உள்ள வா.”

“உன் வீட்டுல நான் உட்கார மாட்டேன்.”

“சரி, நின்னுக்கிட்டே சொல்லு.”

அவள் நின்றுகொண்டே சொன்னாள், நடுநடுவில் திட்டினாள். பெரியவள் நீள நோட்டில் திட்டை விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். படித்துக் காட்டினாள். முதல் வரி, மேனேஜர் சொன்னார், என் கணவர் கழற்றினார், சொன்னவர் இன்னும் வேலையில் இருக்கிறார். “இது சரி” என்று கைநாட்டு வைத்துவிட்டு, “ஆனாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்டி மெண்ட்டு” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஃபிட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை. அவள் மாதம் ஒரு முறை வந்து, இன்னொரு லெட்டர் எழுதச் சொல்லி, ஒரு முறை திட்டிவிட்டுப் போகிறாள்.

சின்னவள் இப்போது அதே கம்பெனியில் பெட்டிகளை அடுக்கிக் கட்டுகிற இடத்தில் இருக்கிறாள். மெண்ட்டக்கா லேபர் ஆபீசுக்கு எதிரில், நகல் எடுக்கிற கடையின் முன்பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து மனு எழுதுகிறாள்.